நத்தத்தில் ஒரு நாள் உட்காரலாமா?

கேள்வி: எனக்கு 57 வயது. ஊர் கோட்டையூர். மருமகளுக்கு நல்லபடியாகப் பிரசவம் ஆனால் பழனிக்கு நடந்தே வருவதாக வேண்டிக்கொண்டேன். பேரன் பிறந்து பத்து மாதம் ஆகிறது. வரும் தைப்பூசத்துக்கு எங்கள் தெருவிலிருந்து பதினான்கு பேர் கிளம்புகிறோம். ஆறு நாளில் பழனி போய்ச் சேர்வதாகத் திட்டம். எட்டு வருடமாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். குன்றக்குடி வரை நடந்த பழக்கம் உண்டு, அதற்கு மேல் போனதில்லை. நடுவில் ஒரு நாள் தங்கி ஓய்வெடுத்துப் போகச் சொல்கிறாள் கூட வரும் மகள். எங்களை அழைத்துப் போகும் பெரியவர், "நடுவில் உட்கார்ந்தால் கால் பிடித்துக்கொள்ளும், மறுநாள் எழுந்திருக்க முடியாது. வேண்டுதலும் பாதியில் நின்ற மாதிரி ஆகிவிடும்" என்கிறார். அவர் இருபது வருடமாக நடப்பவர். யார் சொல்வதைக் கேட்பது? (வாசகி, கோட்டையூர்)

பதில் (பிசியோதெரபிஸ்ட், காரைக்குடி):

ஆச்சி, முதலில் பேரனுக்கு என் வாழ்த்து. மகள் சொல்வதைக் கேளுங்கள். பெரியவர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதியையும் விட்டுவிட வேண்டாம்.

நான் காரைக்குடியில் பதினாறு வருடமாகப் பிசியோதெரபி பார்க்கிறேன். தை பிறந்தால் சில இரவுகள் சிங்கம்புணரிப் பக்கம் ஒரு பந்தலில் உட்கார்ந்து, நடந்து வருகிறவர்களின் கால்களைப் பார்ப்பது வழக்கம். அங்கே வந்து காலை நீட்டுகிற பலர் சொல்வது ஒரே வார்த்தைதான்: "முதல் நாள் ஒன்றுமே தெரியவில்லை." தெரியாதுதான். பழக்கமில்லாத வேலை செய்த தசை அன்றைக்கே வலிக்காது. 12 முதல் 24 மணி நேரத்தில் ஆரம்பித்து, இரண்டாம் மூன்றாம் நாளில்தான் வலி உச்சத்துக்குப் போகும். நீங்கள் குன்றக்குடி வரை நடந்துவிட்டு மறுநாள் வீட்டில் இருந்திருப்பீர்கள். அதனால் உங்கள் கால் இந்த மூன்றாம் நாளை இதுவரை பார்த்ததே இல்லை.

கோட்டையூரிலிருந்து பழனி 150 கிலோமீட்டருக்கு மேல். ஆறு நாள் என்றால் நாளுக்கு 25 கிலோமீட்டர், சில நாள் அதற்கும் கூட. 25 கிலோமீட்டருக்குச் சுமார் 35 ஆயிரம் அடி எடுத்து வைக்க வேண்டும். ஒவ்வோர் அடியிலும் உடம்பின் பாரம் முழுவதும் ஒரு பாதத்தின் மேல் இறங்குகிறது. அந்த அதிர்ச்சியைப் பாதி வழியிலேயே வாங்கிக்கொள்வது கெண்டைக்கால் தசையும் தொடைத் தசையும்தான். அவை சோர்ந்துவிட்டால் அது நேரே எலும்புக்குப் போகும்.

எலும்பு கல் மாதிரி அப்படியே கிடக்கிற பொருள் இல்லை. பாரம் விழுகிற இடத்தில் பழையதை அரித்து எடுத்துவிட்டு, அப்புறம்தான் புதிதாகக் கட்டும். உங்கள் ஊர் வீடுகளில் சுண்ணாம்புச் சாந்து பூசியவர்கள் ஒரு பூச்சு இறுகாமல் அடுத்த பூச்சை ஏற்றியிருக்க மாட்டார்கள். எலும்புக்கும் அந்த இடைவெளி வேண்டும். அரித்து முடித்துக் கட்டத் தொடங்குவதற்குள் நாள் தவறாமல் அடி விழுந்தால், மயிரிழை போல விரிசல் விடும். 1855-இல் பிரஷ்யப் படை மருத்துவர் பிரைட்ஹௌப்ட் என்பவர், தொலைதூரம் அணிவகுத்து நடந்த சிப்பாய்களின் பாதம் வீங்கி வலிப்பதைப் பற்றி எழுதினார். பின்னால் எக்ஸ்ரே வந்த பிறகுதான் அது பாத எலும்பில் விழுந்த விரிசல் என்று தெரிந்தது. இன்றைக்கும் அதற்கு மார்ச் ஃபிராக்சர் (அணிவகுப்பு முறிவு) என்றுதான் பெயர். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பின் அடர்த்தி குறைந்திருப்பதால், இருபது வயதுச் சிப்பாயைவிட உங்களுக்கு இதில் கவனம் கூடுதலாகவே வேண்டும்.

என் அம்மாவுக்கு இதுதான் நடந்தது. நான் படிப்பு முடித்த புதிதில் அம்மா பழனிக்கு நடந்தார். பாதி வழியில் இருக்கும் நத்தத்துக்கு முன்பே வலது பாதத்தின் மேல்பக்கம் ஓர் இடத்தில் சுருக்கென்று இருந்திருக்கிறது. துணியைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு பழனி வரை நடந்துவிட்டார். ஊருக்கு வந்ததும் எடுத்த எக்ஸ்ரேயில் ஒன்றுமே தெரியவில்லை. இந்த விரிசல் ஆரம்பத்தில் பல நேரம் படத்தில் விழாது, இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் தெரியும். எங்களுக்கும் அப்படித்தான் தெரிந்தது. எட்டு வாரம் அம்மாவால் அடுப்படியில்கூட நிற்க முடியவில்லை. "முருகன் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டான், அது போதும்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குத்தான் மனம் ஆறவில்லை, நத்தத்தில் ஒரு நாள் உட்கார வைக்க யாரும் இல்லாமல் போனார்களே என்று.

ஒன்றை உள்ளபடி சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் ஓய்வில் எலும்பு கட்டி முடிந்துவிடாது. ஆனால் தசை தேறும். வயிறார சோறு சாப்பிட்டுத் தூங்கினால் தசைக்குள் தீர்ந்துபோன மாவுச்சத்துச் சேமிப்பு ஒரு நாளில் பெரும்பாலும் நிரம்பிவிடும். தேறிய தசை மறுபடி அதிர்ச்சியைத் தாங்கும். இன்னொரு பெரிய நன்மை, உங்கள் காலை நீங்களே நிதானமாகப் பார்க்க ஒரு பகல் கிடைக்கிறது. நடந்துகொண்டிருக்கும்போது எந்த வலி சாதாரணம், எந்த வலி ஆபத்து என்று பிரித்துப் பார்க்க யாராலும் முடியாது.

இப்போது பெரியவரின் பாதி உண்மைக்கு வருகிறேன். நடுவில் உட்கார்ந்தால் கால் பிடித்துக்கொள்ளும் என்பது அவர் கண்ணால் கண்டது. ஓய்வு நாள் என்று நாள் முழுக்கப் பாயில் படுத்துக் கிடந்தவர்கள் மறுநாள் விடியற்காலை எழும்போது கெண்டைக்கால் கட்டையாக நிற்கும், குதிகாலை ஊன்ற முடியாது. அதற்குக் காரணம் ஓய்வு இல்லை, அசையாமல் கிடந்ததுதான். அதனால் ஓய்வு நாளிலும் நடக்க வேண்டும், கொஞ்சமாக. காலையில் கால் மணி நேரம், மதியம் தூங்கி எழுந்து கால் மணி நேரம், மாலையில் கோயில் வரை ஒரு நடை. மூச்சு வாங்காமல், பக்கத்தில் வருபவரோடு பேசிக்கொண்டே ஆற அமர நடக்கிற நடை. இதை இப்படியே பெரியவரிடம் சொல்லுங்கள், ஒப்புக்கொள்வார் என்றுதான் நினைக்கிறேன்.

எங்கே தங்குவது என்று கேட்டால் நத்தம் என்பேன். உங்களுக்கு ஏறக்குறைய பாதி வழி அதுதான். மூன்றாம் நாள் இரவோ நான்காம் நாளோ போய்ச் சேர்வீர்கள், வலியும் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். அரசு மருத்துவமனை இருக்கிறது, மருந்துக் கடைகள் இருக்கின்றன. நிலைமை சரியில்லை என்றால் திண்டுக்கல்லுக்கோ மதுரைக்கோ பஸ் உண்டு. அதைத் தாண்டி கோபால்பட்டி, சாணார்பட்டி, திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் என்று மறுபாதி முழுவதும் காத்திருக்கிறது. ரொம்ப முடியாமல் போன பிறகு உட்கார்வதைவிட, முடிகிறபோதே உட்கார்வதுதான் உதவும். ஆகவே தங்குகிற நாளைக் கிளம்புவதற்கு முன்பே குறித்துவிடுங்கள். வழியில் கால் நன்றாக இருந்தாலும் அந்த நாளை விட்டுக்கொடுக்க வேண்டாம்.

அந்த நாள் எப்படிப் போக வேண்டும் என்றால், முதலில் விடியற்காலை மூன்று மணிக்கு எழுப்பாதீர்கள் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டுத் தூங்குங்கள். எழுந்ததும் காலைக் கழுவி, விரல் இடுக்கு உட்பட ஈரம் போகத் துடைத்து, வெளிச்சத்தில் உட்கார்ந்து பாருங்கள். உள்ளங்காலைப் பார்க்க ஒரு சின்னக் கண்ணாடி எடுத்துப் போங்கள், அல்லது மகளைப் பார்க்கச் சொல்லுங்கள். கொப்புளம் இருந்தால் தோலை உரிக்கக் கூடாது. அந்தத் தோல்தான் அதற்கு நல்ல கட்டு. மற்றவர்கள் ஊசியால் குத்தி நீரை எடுப்பார்கள். சர்க்கரை உள்ள நீங்கள் அதைச் செய்யவே கூடாது. சுத்தமான பஞ்சுத் துணி வைத்து மூடி, மருத்துவமனையில் காட்டுங்கள்.

அப்புறம் சுவர் ஓரமாகப் படுத்துக் காலைச் சுவரின் மேல் சாய்த்து வையுங்கள். இருபது நிமிடம், நாளுக்கு மூன்று தடவை. அப்படிப் படுத்தபடியே பாதத்தை முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டிக்கொண்டிருங்கள். தேங்கிய நீர் இறங்கும், கொலுசு போடுகிற இடத்து வீக்கம் வற்றும். எண்ணெய் தடவுவது நல்லதுதான், ஆனால் தடவுவதோடு நிற்கட்டும். பாதத்திலிருந்து முழங்காலை நோக்கி லேசாக. குழுவில் கை பலமுள்ள ஒருவர் இருப்பார், அவர் கெண்டையைப் பிடித்து முறுக்கிப் பிழிவார். அது ஏற்கெனவே நொந்த தசையை இன்னும் நோகடிக்கும். வெந்நீரில் காலை முக்கி வைப்பதும் உங்களுக்கு வேண்டாம். பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் சூடு தெரியாமலே வெந்துவிடும். ஐஸ் வைப்பதும் அப்படியே.

ஆச்சி, இந்த இடத்தை இரண்டு தடவை படியுங்கள். ஓய்வு நாளில் பெண்கள் ஓய்வெடுப்பதில்லை. நான் வருடா வருடம் பார்க்கிறேன். மடத்திலோ சத்திரத்திலோ இறங்கியதும் ஆண்கள் துண்டை விரித்துப் படுத்துவிடுவார்கள். பெண்கள் காய் நறுக்கக் குத்தவைத்து உட்கார்ந்து, அடுப்பு முன்னால் நின்று, பதினான்கு பேருக்குப் பரிமாறி, பாத்திரம் கழுவி, எல்லோருடைய வேட்டியையும் துவைத்துப் போட்டுவிட்டு ராத்திரி பத்து மணிக்குப் படுப்பார்கள். மறுநாள் "ஓய்வெடுத்தும் கால் வலி குறையவில்லை" என்பார்கள். எப்படிக் குறையும்? முழங்காலுக்கு நடப்பதைவிடக் குத்தவைத்து எழுவதுதான் பெரிய பாரம். அன்றைய சமையலுக்கு ஒரு ஆளை இப்போதே பேசி வையுங்கள், அல்லது ஆண்கள் அன்றைக்குச் சமைக்கட்டும். ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கேட்டு வாங்கி அதில் உட்காருங்கள். ஆச்சி சும்மா உட்கார்ந்திருக்கிறாரே என்று யாராவது பார்ப்பார்களோ என்று கூச வேண்டாம். வைத்தியர் சொன்னது என்று என் மேல் போட்டுவிடுங்கள்.

சாப்பாட்டில் கஞ்சியோடு நிறுத்திவிடாதீர்கள். விரதத்துக்கு ஒத்துவருகிற பருப்பு, சுண்டல், பால், மோர் எல்லாம் சேரட்டும். தசை தேற அது வேண்டும். வழிநெடுகப் பானகமும் இனிப்பும் கொடுப்பார்கள். அன்போடு நீட்டுகிறதை மறுக்க மனம் வராதுதான், ஆனால் நடக்காத நாளில் அது நேரே சர்க்கரையை ஏற்றும். அன்றைக்கு நீர்மோரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நடக்கிற நாட்களில் கதை வேறு. நீண்ட நடை இரத்தத்துச் சர்க்கரையை இறக்கும், நடந்து முடித்து பல மணி நேரத்துக்கு, சிலருக்கு அன்று இரவு முழுக்கவும் அந்த இறக்கம் தொடரும். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு இதில் பயம் குறைவு. கிளிமிபிரைட் போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு, ஒரு பொழுது விரதமும் இருந்து, 25 கிலோமீட்டரும் நடந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடலாம். வியர்த்துக் கொட்டுவது, கை நடுக்கம், திடீர்ப் பசி, பேச்சுக் குழறல் இவற்றில் எது வந்தாலும் அந்த இடத்திலேயே உட்கார்ந்து மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். கால் மணி நேரத்தில் தெளியவில்லை என்றால் இன்னொரு தடவை குடித்துவிட்டு மருத்துவ உதவிக்கு ஆள் அனுப்புங்கள். மாத்திரை அளவை மாற்றுவதைப் பற்றி நான் சொல்லக் கூடாது. உங்கள் டாக்டரிடம் நடைக் கணக்கை எழுதிக் காட்டி, நடக்கிற நாளுக்கு எவ்வளவு, நிற்கிற நாளுக்கு எவ்வளவு என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள்.

ஓய்வு நாள் முடிந்து மறுநாள் கிளம்பலாமா என்பதையும் அன்று மாலைதான் முடிவு செய்ய வேண்டும். இரண்டு காலிலும் பரவலாக வலிக்கிறது, பத்து நிமிடம் நடந்தால் இளகுகிறது என்றால் அது தசை வலி, தாராளமாகக் கிளம்புங்கள். ஒரே காலில், ஒரு விரலால் தொட்டுக் காட்டக்கூடிய ஒரே இடத்தில் வலித்து, நடக்க நடக்கக் கூடினால், அல்லது படுத்திருக்கும்போதும் குத்தினால், என் அம்மாவுக்கு வந்தது அதுதான். அதோடு ஓர் அடிகூட வைக்கக் கூடாது. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தாலும், கொப்புளத்தைச் சுற்றிச் சிவந்து காய்ச்சல் அடித்தாலும், சிறுநீர் கறுத்த காபி நிறத்தில் போனாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. வலி மாத்திரை போட்டுக்கொண்டு நடப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். வலி சொல்ல வருவதை அது மறைத்துவிடும். உடம்பில் தண்ணீர் வற்றியிருக்கும்போது டைக்ளோஃபெனாக் போன்றவை சிறுநீரகத்தையும் கெடுக்கும், சர்க்கரை உள்ளவர்களுக்கு இன்னும் அதிகமாக.

வேண்டுதலைப் பற்றி நான் பேசலாமா என்று தெரியவில்லை, ஆனாலும் நீங்கள் கேட்டதால் மனதில் பட்டதைச் சொல்கிறேன். காவடியே வழியில் இறக்கி வைத்து, பூசை போட்டு, மறுபடி எடுத்துத்தான் போகிறது. காசியிலும் ராமேஸ்வரத்திலும் நகரத்தார் சத்திரம் கட்டி வைத்தது எதற்காக? தூரத்திலிருந்து வருகிறவர் தங்கி, களைப்பு தீர்ந்து போக வேண்டும் என்றுதானே? நடந்து வருகிறேன் என்றுதான் நீங்கள் வேண்டிக்கொண்டீர்கள், எத்தனை நாளில் என்று சொல்லவில்லையே. செருப்பைப் பற்றியும் இதே மாதிரி யோசித்துப் பாருங்கள். வெறுங்காலோடு நடப்பதாக நீங்கள் நேர்ந்துகொள்ளவில்லை என்றால், சர்க்கரை உள்ள காலைத் தார் ரோட்டில் வெறுமனே விட வேண்டாம். சன்னிதி வரும்போது கழற்றிக்கொள்ளலாம்.

குழு உங்களுக்காக நிற்காது என்றால் ஒரு வழி இருக்கிறது. நீங்களும் மகளும், கூட ஒருவரும், மற்றவர்களுக்கு ஒரு நாள் முன்னதாகக் குன்றக்குடியில் சண்முகநாதரைக் கும்பிட்டுக் கிளம்பிவிடுங்கள். நத்தத்தில் ஒரு நாள் உட்கார்ந்திருங்கள். குழு வந்து உங்களோடு சேர்ந்துகொள்ளும். யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம், பழனிக்கு எல்லோரும் சேர்ந்தே போகலாம். தைப்பூச சமயத்தில் அந்தப் பாதையில் ஆள் நடமாட்டத்துக்குக் குறைவிருக்காது. இருந்தாலும் இருட்டில் மூன்று பேர் மட்டும் தனியாக நடக்காமல், முன்னால் போகிற ஏதாவது ஒரு கூட்டத்தை ஒட்டியே போங்கள், முதுகில் ஒளிரும் பட்டை ஒட்டிக்கொள்ளுங்கள். இதுவும் முடியாவிட்டால், நத்தத்துக்குக் காலை ஒன்பது மணிக்குள் போய்ச் சேரும்படி பெரியவரைக் கேளுங்கள். அன்று மாலை நடையை மட்டும் விட்டுவிட்டு மறுநாள் மூன்று மணிக்குக் கிளம்பினால் பதினெட்டு மணி நேரம் கிடைக்கும். முழு நாள் ஓய்வுக்கு அது ஈடாகாதுதான், ஆனால் ஒன்றுமே இல்லாததற்கு எவ்வளவோ மேல்.

பழனியில் அடிவாரம் போய்ச் சேர்ந்த அன்றைக்கே மலை ஏற அவசரப்பட வேண்டாம். சுமார் 690 படி. ஏறுவதை எப்படியோ சமாளித்துவிடுவீர்கள், இறங்கும்போதுதான் சோர்ந்த தொடை கைவிடும், முழங்கால் மடங்கும். ஓர் இரவு தூங்கிவிட்டு ஏறுங்கள். யானைப்பாதை சரிவாகப் போகும், அதில் போங்கள். இறங்குவதற்கு விஞ்ச் இருக்கிறது.

இன்னும் ஏழு வாரம் இருக்கிறது. இந்த வாரமே டாக்டரிடம் பாதத்தில் உணர்ச்சி எப்படி இருக்கிறது என்று பரிசோதிக்கச் சொல்லுங்கள், ஐந்து நிமிட வேலை. அதில் உணர்ச்சி குறைவு என்று வந்தால் எனக்கு மறுபடி எழுதுங்கள், அப்போது இந்தத் திட்டத்தையே மாற்ற வேண்டியிருக்கும். நடக்கப் போகிற செருப்பையும் இந்த வாரமே வாங்குங்கள், மாலையில் கால் கொஞ்சம் வீங்கியிருக்கிற நேரத்தில் கடைக்குப் போய், பெருவிரலுக்கு முன்னால் அரை அங்குலம் இடம் இருக்கிற மாதிரி. முதலில் வீட்டுக்குள் போட்டுப் பழகுங்கள். அப்புறம் சனிக்கிழமை குன்றக்குடி வரை நடந்து, ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே இருந்துவிடாமல் அதில் பாதித் தூரமாவது நடந்து பாருங்கள். திங்கட்கிழமை காலை கட்டிலிலிருந்து இறங்கி வைக்கிற முதல் அடி எப்படி இருந்தது, எந்த இடத்தில் வலித்தது என்று குறித்து வைத்து, அந்தத் தாளையும் அந்தச் செருப்பையும் எடுத்துக்கொண்டு மகளோடு ஒரு நாள் வாருங்கள்.